இரண்டு நாற்பது

பதிவேட்டில் முதலில் நேரத்தைத்தான் எழுதினேன்.
இரண்டு நாற்பது.
பிறகு பெயர்: இமேஷா. வயது இருபத்து மூன்று.
தொழில் என்ற கட்டத்தில் அவள் நிறுத்திக்கொண்டாள்.
சீருடை சொல்லிக்கொண்டிருந்தது.
தோளில் ஒரு பொத்தான் இல்லை.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் இரவு வேலை
பெரும்பாலும் கடல் கொண்டுவந்து போடுவது:
திருக்கை முள் ஏறிய கால்,
மூச்சு முட்டிய சங்குச் சுழியோடி,
உப்புவெளியில் குடித்து விழுந்த உல்லாசப் பயணி.
கடற்படைக்காரர் இங்கே வருவதில்லை.
உள்ளேயே அவர்களுக்கு வைத்தியர் உண்டு.
அதனால்தான் இவள் இங்கே வந்தாள்.
உள்ளே எல்லாருக்கும் அவர் ‘சேர்’.

கூட்டிவந்தவள் கதவடியில் நின்றாள்,
ஓட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு.
அவளுடைய செருப்பு இமேஷாவின் காலில்.

என் சிங்களம் சோதனைச்சாவடியில் படித்தது.
அட்டையை எடு. பையைத் திற. இறங்கு.
எல்லாம் கட்டளை, ஒன்றைத் தவிர:
‘பய வென்ன எப்பா.’
பயப்படாதே.
உவர்மலைச் சந்தியில் ஒரு கடற்படைக்காரன்
நான் மார்போடு அணைத்திருந்த புத்தகங்களை
ஒவ்வொன்றாக உருவியபடி சொன்னது.
பத்தொன்பது வருடம் அது
நாக்கின் அடியில் ஒரு கல்.
வேறு சொல் என்னிடம் இல்லை.
அதையே சொன்னேன்.
அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள்.

ஒன்றை எழுதாமல் விட்டால் இது பொய்யாகிவிடும்:
ஒரு கணம், கையுறை மாட்டும் நேரம்கூட இல்லை,
‘இப்போது தெரிகிறதா’ என்று
எனக்குள்ளே எதுவோ எட்டிப் பார்த்தது.
பார்த்துவிட்டு, அவளுடைய நகங்களைக் கண்டு
தலையை இழுத்துக்கொண்டது.

தொடும் முன் கேட்டேன். ஒவ்வொரு முறையும்.
அவள் தலையசைக்கும்வரை கை அந்தரத்தில் நின்றது.
உடுப்பைக் காகித உறையில் இட்டேன்.
பொலித்தீன் வியர்க்கும்.
வியர்வை சாட்சியைத் தின்றுவிடும்.

எங்கள் ஒழுங்கையில் செவ்வந்தி இருந்தாள்,
சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள்.
அவளுக்கு யாரும் நேரம் எழுதவில்லை.
விடியுமுன் தாய் அந்தச் சட்டையைத் தோய்த்து
வெயில் படும் பக்கமாய்க் காயப்போட்டாள்.
கிணற்றடியில் வாளி பிடித்து உதவினோம் நாங்கள்.
உதவி என்றுதான் நினைத்தோம்.

காவலரணிலிருந்து வந்த கான்ஸ்டபிள் கேட்டான்:
‘கத்தினீங்களா?’
அவள் யோசித்தாள்.
‘முகாமில் எதற்கும் அனுமதி கேட்கவேணும்.
கத்த யாரிடம் கேட்கிறது?’
அவன் பேனையை மூடினான். பிறகு திறந்தான்.
சொன்னபடியே எழுதச் சொன்னேன்.

போன மாதம் வகுப்பு நடந்ததாம்,
தொல்லை தருவதைத் தடுப்பது பற்றி.
திரையில் அம்புக்குறிகள்: யாரிடம் முறையிடுவது,
எத்தனை நாளில் பதில்.
கையெழுத்து வாங்கினார்கள். தேத்தண்ணியும் கேக்கும்.
அம்புகள் எல்லாம் போய் முடிந்த பெட்டியில்
வகுப்பெடுத்தவரின் பதவி.
வகுப்பெடுத்தவர், அவர்.

மூன்று பத்துக்குத் தொலைபேசி.
அழகான தமிழ், என் தமிழைவிட.
‘தங்கச்சி, அது எங்கட பிள்ளை.
வாகனம் அனுப்புறம், ஏற்றிவிடுங்கோ.’
நோயாளியைப் பற்றிப் போனில் பேசுவதில்லை என்றேன்.
குரல் நடுங்கியது. நடுங்கட்டும்.
அந்த இலக்கத்தையும் எழுதினேன், நேரத்தோடு.

வாகனம் வந்தது. வாசலில் விளக்கை அணைக்காமல் நின்றது.
அந்த வெளிச்சத்தில் இரண்டு மான்கள்
யாரோ எறிந்த பாண் உறையை இழுத்துக்கொண்டிருந்தன.
வைத்திய அதிகாரி பின்வாசலால் வந்து
அறையைப் பூட்டித் திறப்பைத் தன் பையில் போட்டார்.
வாகனம் நாலரைக்குத் திரும்பிப் போனது,
ஆளில்லாமல்.

ஆறு மணிக்கு முகாமில் எண்ணிக்கை எடுப்பார்கள்.
வெளியே இருந்தவளிடம் கேட்டேன், போகவில்லையா?
தண்டனை வருமே.
‘தெரியும்’ என்றாள்,
வெறுங்காலை வாங்கின்மேல் மடக்கி வைத்தபடி.

பதிவேட்டில் அவளுக்கும் ஒரு வரி எழுதினேன்.
கூட வந்தவர்: உதாரி.
நேரம் ஆறு ஐந்து.
இன்னும் இருக்கிறார்.